ஒரு கை குறைந்த முழம்

என் தங்கை புருஷன் கெம்னியைப் பற்றி ஆபுத் தீவில் இன்று நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. பஞ்சத்தைக் கூவி அழைத்தவன் என்கிறார்கள். அவன் பெயரை வைத்த இரண்டு பிள்ளைகளுக்கு அவசரமாக வேறு பெயர் வைத்தாகிவிட்டது. சொல்கிறவர்கள் சொல்லட்டும். பதினோரு வருஷம் அவனோடு ஒரே அடுப்பில் சாப்பிட்டவள் நான். அவன் என்ன செய்தான், ஏன் செய்தான் என்று என்னளவுக்குத் தெரிந்தவர்கள் இங்கே வேறு யாரும் இல்லை.

ஆள் குட்டை. தோளும் கையும் மட்டும் வேறு யாருக்கோ செய்ததை இவனுக்குப் பொருத்தியதுபோல் இருக்கும். கல் கொத்துகிற குடும்பம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அவன் குரல் காதில் விழாது, "என்னப்பா முனகுறே?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். அதே ஆள் படிக்கட்டின் உச்சியில் நின்று கூவினால் எதிர்க்கரையில் மேய்கிற கழுதை காதைத் தூக்கும். அந்தக் குரலுக்காகத்தான் அவனுக்கு ஆற்றுப்படி வேலை கொடுத்தார்கள்.

தீவின் கிழக்கு ஓரத்தில் பாறையைக் குடைந்து இறங்குகிறது அந்தப் படிக்கட்டு. தொண்ணூறு படி. பக்கச் சுவரில் ஆற்றின் குறிகள். முழத்துக்கு ஒரு நீளக் கோடு. ஒவ்வொரு பத்தாவது முழத்திலும் மாட்டுத் தளை மாதிரி வளைத்து ஒரு குறி. வெள்ளக் காலத்தில் கெம்னி தினமும் காலையில் இறங்கிப் பார்ப்பான். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அந்த எண்ணை மேலே வந்து கூவுவான். படகுக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு வடக்கே அரசர் இருக்கும் ஊர்வரை போவார்கள். வெள்ளம் உச்சிக்கு வந்து நிற்கிற அன்று அவன் கூவுகிற எண்தான் வருஷத்தின் எண். ஒருவன் எத்தனை கீற்று நிலம் உழுவது, அறுவடையில் அரசர் வீட்டுக்கு எவ்வளவு தானியம் போவது, எல்லாம் அதை வைத்துத்தான். இருபத்தொன்று என்றால் நிறை வருஷம், வரி தண்டும் கோல்காரர்கள் வந்து முழுப் பங்கும் கொண்டுபோவார்கள். பதினெட்டு என்றால் பசி வருஷம். கோல்காரர்கள் வர மாட்டார்கள். விளைந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு விதைக்கு எடுத்து வைக்கலாம்.

நான் அவனைக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. எனக்குப் படகுத்துறையில் கருவாட்டுக் கடை. "தண்ணியை எண்ணி என்னத்தைக் கண்டே தம்பி? வந்து என் மீனை எண்ணு, கூலியாவது தாரேன்" என்பேன். "உங்க மீன் ஏறி இறங்காதே மதினி, அதை எண்ணுறதுல என்ன சுவாரஸ்யம்?" என்பான். என் தங்கை இத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள். மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போனவள் அவள். சிரிக்கிறாள் என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள்.

இனி முழத்தின் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் முழம் இரண்டு. முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஆறு கையகலம். கட்டில், கதவு, வலை, சவப்பெட்டி எல்லாம் இந்த முழத்தில். கோவிலுக்கும் அரசருக்கும் ஆற்றுக்கும் மட்டும் ஏழு கையகலம். மனிதர் கை எட்டுவதற்கு மேல் அவர்கள் கை ஒரு கையகலம் அதிகம் எட்டும் என்று அர்த்தம். வாயால் சொல்லும்போது இரண்டும் முழம்தான். எந்த முழம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் சிரிப்பார்கள். தச்சனிடம் முழம் என்றால் ஆறு, கோவிலில் முழம் என்றால் ஏழு. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

முந்தின வருஷ வெள்ளம் எங்கோ தெற்கிலிருந்து ஒரு முழு மரத்தை அடித்துக்கொண்டு வந்து படிக்கட்டுச் சுவரில் மோதியது. குறி வெட்டியிருந்த கல் முழுக்கப் பெயர்ந்து ஆற்றோடு போனது. புதுக் கல் பதித்தார்கள். குறி வெட்ட வேண்டியது கெம்னி. அளவு கொடுக்க வேண்டியது நெஹி.

நெஹி ஆளுநர் வீட்டு எழுத்தர். அளவுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இருக்காது. எழுதுகோலைத் தவிர வேறெதையும் அந்த விரல்கள் தூக்கியதில்லை. கோவிலில் இருக்கிற ஏழு கை அளவுகோல் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. மரம் ஈரம் குடிக்கும். அதனால் கோலை வைத்து ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றைத்தான் கீழே இறக்குவது வழக்கம். நெஹி அப்போது தன் மாமியாருக்குச் சவப்பெட்டி செய்ய வீட்டில் ஒரு தச்சனை வைத்திருந்தார். கிழவி சாகவில்லை, அவருக்கு அவசரம். அந்தத் தச்சனிடமே, "இருபத்துநாலு முழத்துக்கு முடிச்சுப் போட்டு ஒரு கயிறு குடு" என்றார். தச்சன் தனக்குத் தெரிந்த முழத்தில் இருபத்துநாலு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டான். அவன்மேல் என்ன தப்பு? நெஹி அதை அளந்து பார்க்கவில்லை. நெஹியின் கையிலிருந்து வந்த அளவுதானே என்று கெம்னியும் சந்தேகப்படவில்லை.

பத்தொன்பது நாள் வெட்டினான். கண்ணெல்லாம் கல்தூசி. கடைசி நாள் களைப்பில் சுவரில் சாய்ந்தபோது முழங்கை ஒரு கோட்டில் பட்டது. விரல் நுனி அடுத்த கோட்டில் நின்றது. அச்சாகப் பொருந்தியது. ஆற்றின் முழம் அவன் கையைத் தாண்டி ஒரு கையகலம் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு கோடாகக் கையை வைத்துப் பார்த்தான். எல்லாம் அவன் கையளவே இருந்தன.

மறுநாள் நெஹியிடம் போனான். பிறகு என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னான்.

"ஐயா, இது வீட்டு முழத்துக் கயிறு. ஆத்துக்கு ஒரு கை குறையுது."

"எல்லாக் குறியும் வெட்டியாச்சா?"

"வெட்டியாச்சுங்க ஐயா."

"கோவில் கோல்ல அளந்து, என் கண்ணு முன்னால வெட்டுனதுன்னு முந்தாநாளே வடக்க எழுதி அனுப்பிட்டேன். என் முத்திரை போட்டிருக்கு."

"கல்லை மாத்திட்டு மறுபடி வெட்டிடலாங்க ஐயா. ஒரு மாசம் குடுங்க."

"தண்ணி ஏற எத்தனை நாள் இருக்கு?"

"ஆறு, ஏழு நாள்."

நெஹி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம். "குறி வெட்டுனது யாரு கை?"

"என் கைதாங்க."

"சாமி முழத்தைக் குறைச்சு வெட்டுன கையை என்ன பண்ணுவாங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

அப்புறம் எழுந்து வந்து, கெம்னியின் தோளில் கிடந்த கயிற்றை மெதுவாக உருவி, அழகாகச் சுற்றி, தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "போய்ட்டு வா கெம்னி. வீட்டுல முழுகாம இருக்காளாமே. நல்லாப் பாத்துக்கோ" என்றார். அவர் சத்தமே போடவில்லை என்பதைத்தான் கெம்னி திரும்பத் திரும்பச் சொன்னான்.

எனக்கு இது தெரிந்தது ஒரு வேடிக்கையான வழியில். ஒருநாள் என் மீன் பந்தலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கருவாட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஏழு அடுக்குவான், ஒன்றை எடுத்து ஓரம் வைப்பான். மறுபடி ஏழு, ஒன்றை எடுப்பான். மூன்று மீன் ஓரத்தில் சேர்ந்துவிட்டது.

"அந்த மூணையும் எங்க கொண்டுபோறே? பட்டப்பகல்ல திருடுறியா?"

"திட்டாதீங்க மதினி. இது மீன் இல்ல, ஆறு."

"வெயில் மண்டைக்கு ஏறிருச்சா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். ஆறு கை முழத்தில் ஏழு கோடு என்றால் ஏழு கை முழத்தில் ஆறு. ஏழுக்கு ஒன்றைக் கழித்தால் சரியான எண் வந்துவிடும். தினமும் கீழே போய்ப் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். குறி என்னவோ சொல்லட்டும், அவன் மனதுக்குள் கழித்துவிட்டுச் சரியான எண்ணைக் கூவுவான். வருகிற கோடையில் தண்ணீர் வடிந்ததும் யாருக்கும் தெரியாமல் கல்லை மாற்றிவிடலாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சே? ஏழுக்கு ஒண்ணு கழிச்சா முடிஞ்சுது!" என்றேன். இத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு பண்ணினோம். அவளுக்கு அப்போது மூன்று மாசம்.

வெள்ளம் வரப்போகிறது என்று சொல்லும் நட்சத்திரம் விடிகாலையில் உதித்தது. முதலில் பாசி கலந்த பச்சைத் தண்ணீர் வந்தது. பச்சை போய் வண்டலோடு செந்தண்ணீர் வர எப்போதும் பத்து நாள் ஆகும்; அந்த வருஷம் இருபது நாளாகியும் பச்சையாகவே நின்று நாறியது. குட்டைகளில் மீன் செத்து மிதந்தது. கெண்டையும் கெளிறும் இலவசமாகவே கிடைத்தன. என் பந்தலில் தொங்கவிட இடமில்லை. கருவாட்டுக்காரி சந்தோஷப்பட வேண்டியது. எனக்கு அந்தப் பந்தலுக்குக் கீழே நிற்கவே பிடிக்கவில்லை.

செந்தண்ணீர் வந்தது, ஆனால் ஏறுவதற்குக் கூலி கேட்பதுபோல் ஏறியது. கெம்னி தினமும் கூவினான். பதினான்கு. பதினைந்து. இரண்டு நாள் கழித்துப் பதினாறு. மேலே நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "ஏம்ப்பா, சரியாப் பாத்தியா? இன்னொருக்க எறங்கிப் பாரு" என்று ஒரு படகுக்காரன் கேட்டான். கெம்னி மறுபடி தொண்ணூறு படி இறங்கி ஏறி வந்து அதே எண்ணைச் சொன்னான். குறியில் பதினெட்டும் பத்தொன்பதும் தெரிவது அவனுக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும்.

அப்போதுதான் கோவிலிலிருந்து செய்தி வந்தது. புதுக் கல் இல்லையா? வெள்ளம் உச்சியில் நிற்கிற அன்று புதுக் குறிகளுக்கு எண்ணெய் பூச வேண்டும். பூசாரிகளும் ஆளுநர் வீட்டாரும் ஊரும் படிக்கட்டில் இறங்கிக் கண்ணால் பார்ப்பார்கள். கெம்னி தண்ணீர் ஓரம் நின்று எண்ணைக் கூவ வேண்டும்.

அந்த நாள் காலையில், வெயில் வருவதற்குள், அவன் என் பந்தலுக்கு வந்தான். நான் மீன் கீறிக்கொண்டிருந்தேன்.

"மூணு நாளா அதே இடத்துல நிக்குது மதினி. இனிமே ஏறாது."

"எத்தனை?"

"குறியில இருபத்தொண்ணு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். மூன்று மீன் ஓரத்தில் கிடந்தது நினைவுக்கு வந்தது. "அப்போ பதினெட்டு."

"பதினெட்டுதான். பசி வருஷம். நான் பதினெட்டுன்னு கூவுனா, எல்லாரும் சுவத்துல ரெண்டு தளையும் ஒரு கோடும் பாப்பாங்க. குறி பொய்யின்னு சொல்லணும். சொன்னா, வெட்டுனது என் கை."

"நெஹி?"

"அவருகிட்ட கயிறு இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?" அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க மதினி. நீங்க சொல்றபடி செய்றேன்."

என்னை ஏன் கேட்டான்? ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நாள் முழுக்கத் தன்னைக் கிண்டல் பண்ணுகிற மீன்காரியைக் கேட்டான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இருபத்தொண்ணுன்னு கூவு."

"விதையையும் சேத்து அள்ளிட்டுப் போயிருவானுங்க மதினி."

"அது அறுப்புக்கு அப்புறம். அதுக்குள்ள என்னென்னமோ நடக்கும். இன்னிக்கு உன் கை போச்சுன்னா அவ வயித்துல இருக்கிறது தங்குமா? நாலாவதையும் பறிகுடுத்துட்டு அவ இருப்பாளா? சுவத்துல என்ன இருக்கோ அதைச் சொல்லு. நீயா எழுதுன பொய்யா? சுவரு சொல்லுது, நீ கூவுறே. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டான்.

"அவ்வளவுதான். போ."

என் புருஷன் ஷெமாய்க்கு மேற்குக் கரையில் இரண்டு கீற்று நிலம் இருந்தது. அதுகூட அப்போது என் நினைவுக்கு வரவில்லை. தங்கை வயிறு மட்டும்தான் தெரிந்தது.

படிக்கட்டில் எள் போட்டால் எள் விழாது. நான் நடுப்படியில் நின்றேன், இத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசாரி எண்ணெய் பூசினார். ஈரக் கல்லில் குறிகள் பளிச்சென்று தெரிந்தன. இரண்டு தளை, ஒரு கோடு. கோட்டை நக்கிக்கொண்டு தண்ணீர். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நேற்றுவரை பதினேழு பதினெட்டு என்று கூவிக்கொண்டிருந்தானே? கெம்னி தண்ணீர் தொட்ட கோட்டைக் குனிந்து பார்த்தான்.

"என்ன கெம்னி, குறி தெரியலையா?" என்றார் நெஹி, அன்பாக.

கெம்னி தலையைத் தூக்கினான். கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் தலையை ஆட்டினேன்.

"இருபத்தொண்ணு!"

அப்படி ஒரு குரலை அந்தப் பாறை அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டம் அலறியது. பறை அடித்தார்கள். ஆற்றுத் தாய் ஒரே ராத்திரியில் ஏறி வந்துவிட்டாள் என்று ஒருத்தி அழுதாள். இத்தா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் கத்தினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. படகுகள் எண்ணை வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டன. அன்றைக்கு என் கருவாடு ஒரு துண்டு மிச்சமில்லாமல் போனது, பதிலுக்கு வந்த கூழும் பீருமாகப் பானை நிறைந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. ஷெமாயின் மேல் கீற்றுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. காய்ந்து வெடித்துக் கிடந்தது. கண்ணால் பார்க்கிறான், காலால் மிதிக்கிறான். ஆனாலும், "இருபத்தொண்ணு வந்த வருஷம் மேல் கீத்துக்கு ஏறாம எப்படி இருக்கும்?" என்று கேட்டு, பக்கத்து நிலத்துக்காரன் வாய்க்காலை அடைத்துவிட்டான் என்று சண்டைக்குப் போனான். மண்டை உடைந்தது. அந்தக் குடும்பத்தோடு முப்பது வருஷப் பழக்கம் முறிந்தது. ஊர் முழுக்க இப்படித்தான். வாய்க்காலைச் சந்தேகப்பட்டார்கள், அண்ணன் தம்பியைச் சந்தேகப்பட்டார்கள், செய்வினை என்றார்கள். எண்ணைச் சந்தேகப்பட்டவன் ஒருவன்கூட இல்லை. கெம்னி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போவான். "ஏன்க்கா இவரு சாப்பிடவே மாட்டேங்கிறாரு?" என்று இத்தா கேட்பாள். "கல்தூசி நெஞ்சுல அடைச்சிருக்கும்" என்பேன்.

குளிர்காலத்தில் இத்தாவுக்குப் பெண் பிறந்தது. உயிரோடு பிறந்தது. கெம்னி அதைக் கையில் வாங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

அறுவடைக்குக் கோல்காரர்கள் வந்தார்கள். வடக்கத்தி அதிகாரி ஒருவர் சுருளைப் பிரித்து வாசித்தார். வெள்ளம் இருபத்தொன்று; ஷெமாய்க்கு இரண்டு கீற்று; பதினான்கு மூட்டை. எங்கள் களத்தில் கிடந்தது ஐந்து மூட்டை பார்லி.

"மிச்சம் எங்க?"

"அவ்வளவுதாங்க விளைஞ்சுது. மேல் கீத்துல தண்ணி ஏறலை."

"ஆறு இருபத்தொண்ணு குடுத்திருக்கு. நீ அஞ்சு மூட்டை காட்டுறே. எங்க புதைச்சு வச்சிருக்கே?"

ஷெமாயைக் குப்புறக் கிடத்தி இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஏழாவது அடியோ எட்டாவது அடியோ விழும்போது கெம்னி களத்துக்குள் வந்தான்.

"அவரை விடுங்க. ஆறு இருபத்தொண்ணு குடுக்கலை. பதினெட்டுதான் குடுத்துச்சு. கூவுனவன் நான்."

அதிகாரி கோலை நிறுத்தச் சொன்னார். கத்தவில்லை. எழுந்து கெம்னியோடு படிக்கட்டுக்கு நடந்தார். நெஹியையும் கூப்பிட்டு அனுப்பினார். ஆறு கீழே வற்றிக் கிடந்தது, குறிகள் எல்லாம் வெளியே தெரிந்தன. கெம்னி ஒரு கோட்டில் முழங்கையை வைத்தான், விரல் அடுத்த கோட்டைத் தொட்டது. அதிகாரி தன் இடுப்பிலிருந்த அரசர் வீட்டுக் கோலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். கோட்டைத் தாண்டி ஒரு கையகலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"வெட்டுனது யாரு?"

"நான்தாங்க. கயிறு குடுத்தது இவரு."

"என்ன கயிறு?" என்றார் நெஹி. "அந்தக் கயிறு எங்கன்னு கேளுங்க. கோவில் கோல் கோவில்ல பத்திரமா இருக்கு. என் முத்திரை வடக்க இருக்கு. இவன் சோம்பேறித்தனத்துல தன் கையை வச்சு அளந்து வெட்டியிருக்கான்."

அதிகாரி கெம்னியைப் பார்த்துச் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், பக்கத்தில்தான் நின்றேன். "நீ சொல்றது உண்மை. ஆறு பதினெட்டுதான். ஆனா இருபத்தொண்ணுன்னு கடல் வரைக்கும் போயாச்சு. இருபத்தொண்ணுக்குக் களஞ்சியம் ஒதுக்கியாச்சு, படை போற ஊருக்கெல்லாம் எழுதியாச்சு. நான் பதினெட்டை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஐந்து மூட்டையையும் எடுத்தார்கள். விதைக்கென்று நான் அடுப்புக்குப் பின்னால் வைத்திருந்த பானையையும் எடுத்தார்கள். தீவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கெம்னியின் கையை வெட்டவில்லை. கல் உடைக்கிற கையை வீணாக்குவானேன் என்று தெற்குப் பாலைவனத்துத் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். கயிற்றில் கட்டிப் படகில் ஏற்றினார்கள். துறையில் நின்ற சனம் அவன்மேல் மண்ணை வாரி எறிந்தது. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. களத்திலும் சொல்லவில்லை, படிக்கட்டிலும் சொல்லவில்லை. துறையில் என்னைத் தாண்டிப் போகும்போது, "மதினி, பாப்பாவைப் பாத்துக்கோங்க" என்று எப்போதும்போல முனகினான். முதல் தடவையாக எனக்கு அது சரியாகக் காதில் விழுந்தது.

போய் எட்டு மாசம் ஆகிறது. சுரங்கத்திலிருந்து திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. படிக்கட்டுச் சுவரில் கல்லை மாற்றி, ஏழு கை முழத்தில் சுத்தமாகக் குறி வெட்டியிருக்கிறார்கள். நெஹியே மேற்பார்வை. இப்போது கூவுகிறவன் வேறு ஆள். இந்த வருஷ வெள்ளம் பதினாறில் நின்றுவிட்டது. சரியான பதினாறு. கோல்காரர்கள் வர மாட்டார்கள். விதைப்பதற்கும் ஒன்றும் இல்லை. மக்கள் ஆற்றோரப் பப்பிரஸ் கோரையின் கிழங்கைத் தோண்டித் தின்கிறார்கள். மேற்குக் கரையில் தினமும் இரண்டு மூன்று பேரைப் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் கருவாடு இருக்கிறவரை எங்கள் வீட்டில் உயிர் இருக்கும். இத்தாவின் பெண்ணுக்கு ஒரு வயசு ஆகப் போகிறது, இன்னும் உட்கார வரவில்லை. தலை மட்டும் பெரிதாக இருக்கிறது.

இன்று காலையில் இத்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். நான் மீன் கீறிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த இருபத்தொண்ணு கூவுன அன்னிக்கு, விடியக்காலையில அவரு நேரா உன்கிட்டதான் வந்தாரு. நான் வாசல்ல நின்னு பாத்தேன். ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தீங்க. என்ன கேட்டாரு?"

பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. அப்பன் கை மாதிரியே அகலக் கை.

"மீன் கேட்டான்டி" என்றேன்.